பழைய ஹீட்டர் போச்சு, புதுசு எது வாங்கலாம்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு யார் வீட்டுல வாட்டர் ஹீட்டர் மண்டைய போட்டாலும் எனக்கு ஒரு போன் வந்துடும். நான் பிளம்பரும் இல்ல எலக்ட்ரீஷியனும் இல்ல, சொந்த வீட்டுல மூணு ஹீட்டரை காவு குடுத்து கத்துக்கிட்டவன், அவ்ளோதான். எல்லாரும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன்.

சுடுதண்ணியே வரல. புதுசு வாங்கித்தான் ஆகணுமா?

அவசரப்படாதீங்க. லைட் எரியுது ஆனா தண்ணி சூடாகலன்னா காயில் போயிருக்கலாம், இல்ல தெர்மோஸ்டாட் (செட் பண்ண சூடு வந்ததும் காயிலை நிறுத்துறது) போயிருக்கலாம், இல்ல கட்-அவுட் விழுந்திருக்கலாம். கட்-அவுட்ங்கறது தண்ணி அளவுக்கு மீறி கொதிச்சா கரண்ட்டை நிறுத்துற குட்டி பாகம், நிறைய மாடல்ல நடுவுல ஒரு சின்ன பட்டன் இருக்கும், மெயினை ஆஃப் பண்ணிட்டு மூடியைக் கழட்டி அதை அமுக்குனா திரும்ப வேலை செய்யும். ஆனா அது ஏன் விழுந்துச்சுன்னு பாக்காம அமுக்கிட்டே இருக்காதீங்க, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு நிக்காம சூடாக்குறதால கூட அது விழும். இது எல்லாமே மாத்தக்கூடிய பார்ட்ஸ்தான், இதுக்காக ஹீட்டரையே தூக்கிப் போட வேண்டியதில்ல.

லீக்னா கதை வேற. சொட்டு எங்கேர்ந்து வருதுன்னு ஒரு டிஷ்யூ பேப்பரை வெச்சு ஒத்தி ஒத்திப் பாருங்க. பைப் சேர்ற ஜாயின்ட்லேர்ந்து வந்தா அது பிளம்பர் வேலை. காயில் பூட்டியிருக்கற தட்டைச் சுத்தி வந்தா கேஸ்கெட், அதாவது நடுவுல வெக்கற ரப்பர் வளையம் போயிருக்கு. அது ரெண்டும் காஞ்சிருந்து வெளி உறைக்குள்ளேர்ந்து தண்ணி கசிஞ்சு வந்தா உள்ள இருக்கற டேங்க் ஓட்டை ஆயிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு வைத்தியம் கிடையாது, வெல்டு வெச்சுத் தர்றேன்னு சொல்றவரை நம்பாதீங்க, உள்பூச்சு அந்த சூட்டுலயே கருகிடும், கொஞ்ச நாள்ல பக்கத்துலயே இன்னொரு ஓட்டை விழும்.

சரி, டேங்க்தான் போச்சு. எந்த மாடல் வாங்கலாம்னு நேரா சொல்லிடுங்களேன்?

சொல்ல மாட்டேன், ஏன்னா பதில் உங்க பழைய ஹீட்டருக்குள்ளயே இருக்கு. பெரும்பாலும் என்ன நடக்குது, காலைல சுடுதண்ணி வரல, சாயங்காலத்துக்குள்ள அதே சைஸ்ல அதே மாதிரி ஒண்ணை வாங்கி மாட்டிடுறாங்க, பழசு எதனால செத்துச்சோ அதே காரணத்தால இதுவும் சாகுது. அதனால பழசை கொண்டுபோறதுக்கு முன்னாடி காயில் தட்டைக் கழட்டி உள்ள என்ன இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. ஒரு பத்து நிமிஷ வேலை.

என்னோட ரெண்டாவது ஹீட்டரை அப்படி பாத்ரூம் தரையில குப்புறப் போட்டுக் கழட்டுனோம். தட்டு வரவே மாட்டேன்னுச்சு, உள்ள காயிலைச் சுத்தி சுண்ணாம்பு அப்பியிருந்து அது துவாரத்தை விட பெருசா ஆயிடுச்சு. ஸ்க்ரூடிரைவரால குத்திக் குத்தி உடைச்சா முட்டை ஓடு மாதிரி வெள்ளையா, சிலது விரல் கனத்துக்கு, செதில் செதிலா கொட்டுச்சு, வாரி எடுத்தா அரை பக்கெட். அதுக்குப் பக்கத்துல விரல் தடிமனுக்கு ஒரு மெக்னீசியம் கம்பி இருந்திருக்கணும், இருந்தது வெறும் ஒரு துருப்புடிச்ச ஆணி கனத்துல ஒரு கம்பி. அதைப் பாத்ததும்தான் எனக்கு ரெண்டு விஷயம் புரிஞ்சுது: என் தண்ணிக்கு எந்த ஹீட்டர் வாங்குனாலும் சர்வீஸ் பண்ணாம விட்டா இதே கதிதான், அதனால நான் தேட வேண்டியது ஈசியா கழட்டி சுத்தம் பண்ணக்கூடிய ஒண்ணு.

அந்தக் கம்பிதான் அனோட் ராட். டேங்க் இரும்பு அரிக்கறதுக்கு பதிலா இது அரிஞ்சு கரையும், அதுக்குன்னே வெச்சிருக்கறது. அது முழுசா கரைஞ்ச அன்னைலேர்ந்து அரிப்பு டேங்க் பக்கம் திரும்பும். நீங்க கழட்டிப் பாக்கும்போது உள்ள என்ன இருக்கோ, அதை வெச்சு பழசு ஏன் போச்சுன்னு இப்படிப் புரிஞ்சுக்கலாம்:

- உள்ள நிறைய சுண்ணாம்பு, காயில் வெடிச்சிருக்கு: தண்ணி கடினம், கீழ உப்பு கேள்விக்குப் போங்க.
- சுண்ணாம்பு பெருசா இல்ல, டேங்க் துருப்புடிச்சு ஓட்டை: அனோட் மாத்தாம விட்டது.
- உள்ள எல்லாம் சுத்தமா இருக்கு, ஆனா ஜாயின்ட் பிளந்திருக்கு இல்ல டேங்க் உப்பியிருக்கு: பிரஷர் ஜாஸ்தி, வால்வு கேள்வியை மறக்காம படிங்க.
- வயர் முனை கருகியிருக்கு: ஹீட்டர் மேல தப்பில்ல, வயரிங்.

எத்தனை லிட்டர் எடுக்கணும்?

ஆள் கணக்கு மட்டும் போட்டா தப்பாகும், உங்க ஊர் பச்சைத்தண்ணி எவ்ளோ சில்லுனு இருக்குங்கறதையும் சேத்துக்கணும். 15 லிட்டர் ஹீட்டர், 60 டிகிரி சூடுன்னு வைங்க. பைப்ல வர்ற தண்ணி 25 டிகிரின்னா குளிக்கற பதம் 40 டிகிரிக்கு கலந்தா 35 லிட்டர் கிடைக்கும். அதே பச்சைத்தண்ணி 10 டிகிரியா இருந்தா வெறும் 25 லிட்டர்தான். இது பேப்பர் கணக்கு, நிஜத்துல பச்சைத்தண்ணி கீழ நுழைஞ்சு மேல இருக்கற சூட்டைத் தள்ளித்தள்ளி வரும்போது கடைசில கலந்துடும், அதனால முக்கால்வாசின்னு எடுத்துக்குங்க.

பக்கெட்ல ஊத்திக் குளிக்கறவருக்கு இது தாராளம். ஷவர்னா நிமிஷத்துக்கு 8 லிட்டர் சாதாரணமா போகும், 35 லிட்டர் நாலு நிமிஷத்துல காலி. ஷவர்ல நின்னுட்டு பாட்டு பாடற ஆள் ஒருத்தர் வீட்டுல இருந்தா 25 லிட்டருக்குப் போயிடுங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் அரை மணி நேர இடைவெளில குளிக்கறீங்கன்னா சின்னதே போதும், மறுபடி சூடாகிடும். எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பற வீடுன்னாதான் பெரிய டேங்க் தேவை.

எதுக்கும் இருக்கட்டும்னு 50 லிட்டர் வாங்கறது வேஸ்ட். மிச்சம் இருக்கற சூடு ராத்திரி பூரா ஆறிட்டே இருக்கும், அதுக்கும் நீங்கதான் பில் கட்றீங்க. சுவரையும் நினைச்சுப் பாருங்க, 50 லிட்டர்னா தண்ணி மட்டும் 50 கிலோ, பெட்டி வெயிட் தனி.

இன்ஸ்டன்ட்டா, ஸ்டோரேஜா?

இன்ஸ்டன்ட்ங்கறது தண்ணி ஓட ஓட சூடாக்கறது, ஸ்டோரேஜ்ங்கறது டேங்க்ல சூடாக்கி வெக்கறது. கிச்சன்ல பாத்திரம் கழுவ, வாஷ்பேசின்ல கை கழுவ இன்ஸ்டன்ட் போதும். குளிக்கறதுக்குன்னா கணக்கு பாத்துட்டு வாங்குங்க. 3,000 வாட் இன்ஸ்டன்ட், 25 டிகிரி தண்ணியை 40 ஆக்கணும்னா நிமிஷத்துக்கு 3 லிட்டர் கூட வராது. பச்சைத்தண்ணி இன்னும் குளிர்ச்சியா இருந்தா அதுல பாதிதான். பக்கெட்ல பிடிச்சு வெக்கறவங்களுக்கு பரவால்ல, ஷவரைத் திறந்தா நூல் மாதிரி வரும், இல்லன்னா வெதுவெதுன்னு வரும், ரெண்டுல ஒண்ணுதான்.

இன்ஸ்டன்ட்ல கரண்ட் பாதியாகும்னு கடையில சொன்னாங்களே?

பாதியெல்லாம் ஆகாது. ஒரு லிட்டர் தண்ணியை இத்தனை டிகிரி ஏத்த இவ்ளோ சக்தி வேணும்ங்கறது எந்தப் பெட்டியிலயும் மாறாது. 25 லிட்டரை 25லேர்ந்து 60க்கு ஏத்த கிட்டத்தட்ட ஒரு யூனிட். 2,000 வாட்ல அரை மணி நேரம், 3,000 வாட்ல 20 நிமிஷம், யூனிட் ஒண்ணுதான், அதனால வாட்ஸ் ஜாஸ்தின்னா பில் ஜாஸ்திங்கறதும் தப்பு. இன்ஸ்டன்ட்ல மிச்சமாகறது டேங்க்ல சும்மா ஆறிப்போற சூடு மட்டும்தான். சின்ன ஸ்டோரேஜ் டேங்க்ல நாள் பூரா ஆன்ல விட்டா அப்படிப் போறது தோராயமா அரை யூனிட்லேர்ந்து ஒரு யூனிட், குளிக்கறதுக்கு முன்னாடி மட்டும் போட்டு ஆஃப் பண்ணிடுறவங்களுக்கு அந்த வித்தியாசம் இன்னும் கம்மி.

எங்க வீட்டுல போர் தண்ணி, ஒரே உப்பு. என்ன வாங்கறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கேன். முதல்ல ஒண்ணு, நாம உப்புன்னு பொதுவா சொல்றதுல ரெண்டு வகை இருக்கு. கொதிக்க வெச்ச பாத்திரத்துல வெள்ளையா படியறது கால்சியம், மெக்னீசியம் சமாச்சாரம், அது காயில்ல அப்பும். வாயில வெச்சா கரிக்கறது குளோரைடு, அது டேங்க்கை அரிக்கும். உங்க தண்ணில எது ஜாஸ்தின்னு கெட்டிலோட அடியைப் பாத்தே பாதி கண்டுபிடிச்சுடலாம்.

படியற தண்ணின்னா காயில் முக்கியம். தண்ணிக்குள்ள நேரா முங்கியிருக்கற சாதா செம்பு காயில் சீக்கிரம் போகும். இன்காலாய்னு ஒரு நிக்கல் கலவை உறை போட்டது கொஞ்சம் தாங்கும். இன்னும் நல்லது, காயில் ஒரு குழாய்க்குள்ள தனியா உக்காந்திருக்கற டிரை எலிமென்ட் மாடல், அதுல சூடு பெரிய பரப்புல மெதுவா இறங்கறதால படிவு கம்மி, காயில் போனாலும் தண்ணியை இறக்காம மாத்திடலாம். அதோட சூட்டை 60 டிகிரிக்கு மேல ஏத்தாதீங்க, சூடு ஏற ஏற சுண்ணாம்பு வேகமா படியும். ஹீட்டர் போட்டதும் உள்ள சோளம் பொரியற மாதிரி பட் பட்னு சத்தம் கேட்டா படிவுக்கு அடியில தண்ணி மாட்டிக்கிட்டு கொதிக்குதுன்னு அர்த்தம், சுத்தம் பண்ற நேரம் வந்துடுச்சு.

கரிக்கற தண்ணின்னா டேங்க் முக்கியம். கண்ணாடிப்பூச்சு போட்ட இரும்பு டேங்க், அனோட் மட்டும் ஒழுங்கா மாத்துனா நல்லா உழைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு கேட்டதும் துருவே பிடிக்காதுன்னு நினைச்சுடுறோம், குளோரைடு ஜாஸ்தி இருக்கற தண்ணில அதுவும் வெல்டு போட்ட எடத்துல ஊசி முனை மாதிரி ஓட்டை விழும், எங்க சித்தப்பா வீட்டுல அப்படித்தான் ஆச்சு.

வீட்டுக்கே சாஃப்ட்னர் (படியற உப்பை தண்ணிலேர்ந்து எடுக்கற மெஷின்) போட்டுட்டா கவலை இல்லையான்னு கேட்டா, படிவு போயிடும், ஆனா சாஃப்ட் பண்ண தண்ணில அனோட் சீக்கிரம் கரையும். வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பாருங்க. பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா புதுசு போட்டுடுங்க, ஹீட்டர் விலையோட பாத்தா அது ஒண்ணுமே இல்ல.

சுடுதண்ணி மட்டும் அழுகின முட்டை நாத்தம் அடிக்குதே?

தண்ணில இருக்கற சல்ஃபேட்டை ஒரு வகை பாக்டீரியா பிடிச்சு மாத்துறதால வர்ற வாடை, மெக்னீசியம் அனோட் அதுக்கு ஒத்து ஊதும். அலுமினியம் துத்தநாகம் கலந்த அனோடுக்கு மாத்தி, ஒரு தடவை சூட்டை நல்லா ஏத்தி டேங்க்கை அலசி விட்டா பெரும்பாலும் போயிடும். இதுக்காக புது ஹீட்டர் வேண்டாம்.

கேஸ் ஹீட்டர் எப்படி?

தண்ணி வேகம் பிரமாதமா இருக்கும். நிமிஷத்துக்கு 6 லிட்டரை 25 டிகிரி ஏத்தணும்னா பத்தரை கிலோவாட் வேணும், அதையே கரண்ட்ல பண்ணப் போனா 230 வோல்ட்ல 45 ஆம்பியர் இழுக்கும், சாதாரண வீட்டு லைன்ல அதுக்கு வழியே இல்ல. அதனால வேகமும் வேணும் டேங்க்கும் வேண்டாம்னா கேஸ்தான்.

ஆனா ஒரு விஷயத்துல நான் ரொம்ப கறாரு. பாத்ரூமுக்குள்ள கேஸ் ஹீட்டரை மாட்டாதீங்க. ஜன்னல் இருக்குன்னு சொல்வாங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கலாம்னு சொல்வாங்க, கேக்காதீங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் சில நேரம் புகையை உள்ள திருப்பி இழுத்துடும். மூடின ரூம்ல காத்து பத்தாம எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தலை சுத்துதேன்னு உணர்றதுக்குள்ள ஆள் கதவைத் திறக்கற நிலைமையில இருக்க மாட்டாங்க. வெளிப்பக்கம் திறந்த எடத்துல மாட்டுங்க, இல்ல காத்தை வெளியேர்ந்தே எடுத்து புகையை வெளியவே விடுற மூடின வகையை வாங்குங்க. வீட்டுக்குள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணும் இருக்கட்டும்.

சோலார், ஹீட் பம்ப் பத்தி?

பெரிய குடும்பம், நிறைய தண்ணி, எடம் இருக்குன்னா ரெண்டுமே நல்லது. சோலார்ல செம்புக் குழாய் பலகை வகை, கண்ணாடி டியூப் வகைன்னு ரெண்டு. உப்புத் தண்ணிக்கு டியூப் வகைதான், செம்புக் குழாய் சன்னம், அடைச்சுக்கும். டியூப் உடைஞ்சா அந்த ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம். வெயில் ஏறுன அப்புறம் காலி டியூப்ல பச்சைத்தண்ணி விடாதீங்க, படீர்னு போயிடும். மேகம் போட்ட நாளுக்கு ஒரு கரண்ட் காயில் கூடவே இருக்கணும்.

ஹீட் பம்ப் தண்ணியை காயிலால சூடாக்காது, சுத்தியிருக்கற காத்துல இருக்கற சூட்டை உறிஞ்சி தண்ணிக்கு மாத்தும், ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு சுமாரா மூணு யூனிட் சூடு கிடைக்கும், குளிர் ஜாஸ்தியானா இது குறையும். முதல் செலவு ஜாஸ்தி, சூடாக நேரம் எடுக்கும், சத்தம் போடும், வெச்சிருக்கற ரூமைக் குளிராக்கும். பெட்ரூம் சுவருக்குப் பின்னாடி வெச்சுட்டு அப்புறம் புலம்பாதீங்க.

எங்க வீடு உயரமான பில்டிங்ல. ஏதாவது தனியா பாக்கணுமா?

பாக்கணும். தண்ணி டேங்க் உங்க ஹீட்டரை விட 10 மீட்டர் மேல இருந்தா சுமாரா 1 பார் பிரஷர். அப்போ உயர பில்டிங்ல கீழ் மாடில இருக்கறவங்களுக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி, மேல் மாடிக்காரங்களுக்கு இல்ல, இதை நிறைய பேர் தலைகீழா புரிஞ்சுக்கறாங்க. பிரஷர் பம்ப் இருந்தா அதையும் சேத்துக்குங்க. ஹீட்டர் பெட்டியில எத்தனை பார் தாங்கும்னு போட்டிருப்பாங்க, அதுக்குக் கீழ நல்லா இடைவெளி இருக்கட்டும், இல்லன்னா பிரஷர் குறைக்கற வால்வு ஒண்ணு போட்டுடுங்க.

ஹீட்டருக்கு அடியில ஒரு வால்வுலேர்ந்து சொட்டு சொட்டா தண்ணி வருது. அடைச்சுடலாமா?

அடைக்கவே கூடாது! 25 லிட்டர் தண்ணி 25லேர்ந்து 60 டிகிரிக்குப் போனா கிட்டத்தட்ட 350 மில்லி பெருகும். அந்தத் தண்ணி எங்கயாவது போய்த்தான் ஆகணும். பச்சைத்தண்ணி வர்ற பக்கம் திரும்பிப் போகாம நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தா, சேஃப்டி வால்வு வழியாத்தான் போகும். சூடாகும்போது மட்டும் சொட்டுனா அது தன் வேலையைப் பாக்குதுன்னு அர்த்தம். ஆஃப்ல இருக்கும்போதும் நிக்காம சொட்டுனா லைன் பிரஷர் ஜாஸ்தி, இல்ல வால்வுல தூசி மாட்டியிருக்கு.

எனக்கு ஒருத்தர் முதல் ஹீட்டரை மாட்டும்போது "இது சொட்டிட்டே இருக்கும் சார், தொந்தரவு"ன்னு சொல்லி அதுல ஒரு எண்ட் கேப் போட்டு இறுக்கிட்டுப் போயிட்டார், எனக்கும் அப்போ ஒண்ணும் தெரியாது, தேங்க்ஸ் வேற சொன்னேன். ஒரு வருஷத்துல டேங்க் வயிறு உப்பி தையல் பிரிஞ்சுது, தண்ணியோட போச்சு. தெர்மோஸ்டாட்டும் அதே நேரத்துல ஒட்டிக்கிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா இப்பவும் உதறுது, தண்ணி ஆவியானா 1,600 மடங்குக்கு மேல விரியும்.

பழைய வயரிங்லயே மாட்டிக்கலாமா?

2,000 வாட்னா 230 வோல்ட்ல 9 ஆம்பியர் பக்கம், 3,000 வாட்னா 13. சின்ன சாக்கெட்ல போடாதீங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஹீட்டருக்குன்னு தனி லைன், அதுக்குத் தகுந்த எம்சிபி (லோடு ஜாஸ்தியானா தானா விழற ஸ்விட்ச்), நல்ல எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழற ஸ்விட்ச்). எம்சிபி வயரைக் காப்பாத்தும், ஆர்சிசிபி ஆளைக் காப்பாத்தும், ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணு வேண்டாம்னு ஆகாது. குழாயைத் தொட்டா லேசா சுர்ர்னு இருக்குன்னா அன்னைக்கே ஹீட்டரை ஆஃப் பண்ணுங்க, அது "லேசான ஷாக்" இல்ல, பெரும்பாலும் காயில் உறை கிழிஞ்சிருக்கும், எர்த்தும் வேலை செய்யாம இருக்கும்.

எத்தனை டிகிரில வெக்கறது?

20லேர்ந்து 45 டிகிரி வரைக்கும் லெஜியோனெல்லாங்கற நிமோனியா கிருமி டேங்க்ல வளரும், 60ல சாகும். ஆனா 60 டிகிரி தண்ணி மேல பட்டா 5 செகண்ட்ல தோல் வெந்துடும், 50 டிகிரில அதுக்கு சில நிமிஷம் ஆகும். அதனால டேங்க்ல 60 வெச்சு, குழாய்க்கு முன்னாடி சூட்டை மட்டுப்படுத்தற மிக்ஸிங் வால்வு போடறது பெஸ்ட், குழந்தையோ வயசானவங்களோ இருக்கற வீட்டுல கண்டிப்பா.

எப்பவும் ஆன்லயே விட்டா கரண்ட் கம்மியாமே?

இல்ல. எவ்ளோ நேரம் சூடா இருக்கோ அவ்ளோ நேரம் ஆறும்.

வாரண்டி 7 வருஷம்னு போட்டிருக்கே?

எதுக்கு 7 வருஷம்னு படிங்க. டேங்க்குக்கு ஒண்ணு, காயிலுக்கு ஒண்ணு, மத்த பார்ட்ஸுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும், பெரிய எழுத்துல போடறது டேங்க்கோடது. அனோட் மாத்துன பில் கேக்கறாங்களான்னும் பாத்துக்குங்க.

வைஃபை, டிஸ்ப்ளே, ஆப்?

டைமர் உபயோகம். மத்தது ஈரத்துல கெட்டுப்போக இன்னொரு போர்டு.

மாட்ட வர்ற அன்னைக்கு நான் பக்கத்துல நின்னு என்ன பாக்கணும்?

சுவர்ல சரியான போல்ட் போடறாங்களான்னு, செங்கல் உள்ள பொத்தலா இருந்தா சாதா பிளக் நிக்காது. சூடு வர்ற பக்கம் சாதா பிவிசி போடாம சிபிவிசி மாதிரி சூடு தாங்கற பைப்பான்னு. குழாய்க்கும் ஹீட்டருக்கும் தூரம் கம்மியான்னு, 10 மீட்டர் அரை இஞ்ச் பைப்ல ஒரு லிட்டருக்கு மேல நிக்கும், ஒவ்வொரு தடவையும் அதைக் கொட்டிட்டுத்தான் சூடு வரும். பிளக்கைச் சொருகறதுக்கு முன்னாடி சூடுதண்ணிக் குழாயைத் திறந்து வெச்சு, காத்தெல்லாம் போய் தண்ணி ஒரே சீரா வர்ற வரைக்கும் விடச் சொல்லுங்க. காலி டேங்க்ல காயிலைப் போட்டா கொஞ்ச நேரத்துல கருகிடும், அதுக்கு வாரண்டி குடுக்க மாட்டாங்க. கிளம்பறதுக்குள்ள சேஃப்டி வால்வு லீவரை ஒரு தடவை தூக்கிக் காட்டச் சொல்லுங்க, பீச்சி அடிக்கணும்.

பழசை என்ன பண்றது?

கரண்ட்டை எடுத்து, ஆற விட்டு, முழுசா வடிச்சுட்டுத் தூக்குங்க, கழட்டும்போது ஒண்ணும் இல்லன்னு தோணும், பைப் மட்டத்துக்குக் கீழ எப்பவும் கொஞ்சம் சேறு தண்ணி நிக்கும், மாடிப்படில சாய்க்கும்போது சட்டையெல்லாம் ஆயிடும். இரும்பு, செம்பு, பித்தளை எல்லாம் பழைய இரும்புக்காரர் எடுத்துப்பார். போறதுக்கு முன்னாடி அனோடோட ஃபோட்டோ ஒண்ணும், மாட்டுன தேதியும் போன்ல வெச்சுக்குங்க, புதுசுக்கு எத்தனை மாசத்துல அனோட் பாக்கணும்னு அதுலேர்ந்தே கணக்குப் போட்டுடலாம்.